கலாவுக்கு: டிக்டேஷன் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. விடைத்தாள் கட்டு தீர்ந்தால்தான் எனக்கு வேறு எதிலும் கை போகும் என்பது உனக்குத் தெரிந்ததுதானே. பெரிய வகுப்புகளுக்குப் புணர்ச்சி விதியும் யாப்பும் நடத்தியவளை இரண்டாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்து, அதுவும் ஆங்கிலத்தையும் சேர்த்துத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நீ புலம்பியிருந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இத்தனை வருட இலக்கணமும் வீண் என்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் உன் கேள்வி. வெள்ளிக்கிழமை டிக்டேஷனில் பத்துக்குப் பத்து வாங்கிய பிள்ளை திங்கட்கிழமை அதே சொல்லை ஒரு வாக்கியத்துக்குள் எழுதச் சொன்னால் தப்பாக எழுதுகிறதே, ஏன்? வெள்ளிக்கிழமை அது எழுதியது சொல்லையே அல்ல, யாருடையது என்று தெரியாத ஒரு தொலைபேசி எண்ணைப் போல வெறும் எழுத்து வரிசையை. ஒலியோடும் ஒட்டவில்லை, பொருளோடும் ஒட்டவில்லை, இரண்டு நாள் நின்றதே பெரிய விஷயம். லினியா ஏரி என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் எழுதியது இதைத்தான்: சொல்லைக் கண்ணால் படம் பிடித்து வைத்துக்கொள்வதால் ஸ்பெல்லிங் நிற்பதில்லை, எழுத்து ஒவ்வொன்றும் அந்தச் சொல்லின் ஒலியில் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டால்தான் நிற்கிறது. ஆகவே இருபது முறை இம்போசிஷன் எழுதச் சொல்வதை விட்டுவிடு. கை வலிக்கும், அவ்வளவுதான்.

அப்போ ஒலியிலிருந்து தொடங்க வேண்டும். எழுத்து 26, ஒலி ஏறக்குறைய 44, ஆங்கிலத்தின் எல்லாத் தொல்லையும் இந்தக் கணக்கில் இருக்கிறது. வகுப்புச் சுவரில் தொங்கும் படத்தை ஒரு தடவை உற்றுப் பார். 'ஏ ஃபார் ஆப்பிள்' சரி. ஆனால் 'ஐ ஃபார் ஐஸ்க்ரீம்' என்றால் பிள்ளை 'பின்', 'சிட்' எல்லாவற்றையும் 'பைன்', 'சைட்' என்றுதானே வாசிக்கும்? 'எக்ஸ் ஃபார் சைலஃபோன்' இன்னும் மோசம், அந்தச் சொல்லில் எக்ஸ் தன் வழக்கமான ஒலியையே தருவதில்லை, 'பாக்ஸ்', 'ஃபாக்ஸ்' என்று சொல்லின் கடைசியில் காட்டினால்தான் அது எக்ஸ். ஏ, பி, சி என்று அகர வரிசையிலும் போக வேண்டாம். ஃபோனிக்ஸ் (எழுத்தை அதன் ஒலியோடு இணைத்து வாசிக்கக் கற்பிக்கும் முறை) பாடத்திட்டங்கள் பலவும் எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறில் தொடங்குகின்றன. 'சாட்', 'பின்', 'நாப்', 'டிப்' என்று அந்த ஆறை வைத்தே ஒரு கூடை நிறையச் சொற்கள் உருவாகிவிடும், முதல் வாரத்திலேயே பிள்ளை தானாக ஒரு சொல்லை வாசித்துவிடும்.

இங்கே நம் பிள்ளைகளுக்கு ஒரு சிக்கலும் உண்டு, ஒரு சலுகையும் உண்டு. நமக்கு மெய்யெழுத்தில் முடியும் ஆங்கிலச் சொல்லின் வாலில் பெரும்பாலும் ஓர் உகரம் ஒட்டிவிடும், புக்கு, கேட்டு, பஸ்ஸு. அதே பழக்கத்தில் ஒலியையும் 'பு, ஆ, டு' என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளை அதைச் சேர்த்துப் பார்த்து 'புஆடு' என்கிறது, 'பேட்' எங்கிருந்து வரும்? புள்ளி வைத்துச் சொல் என்றால் போதும், ப் என்றால் என்ன, பு என்றால் என்ன என்று அதற்குத் தமிழிலேயே தெரியும். ஆங்கிலம் மட்டும் தெரிந்த குழந்தைக்கு உயிர் கலக்காத மெய்யை விளக்க ஆசிரியர்கள் படும் பாடு கொஞ்சமல்ல, நம்மிடம் அதற்கு எழுத்தே இருக்கிறது.

சிக்கல் இது: நான் இந்தக் கடிதத்தில் பி என்றும் டி என்றும் எழுதும்போது எந்த பி, எந்த டி என்று நீயே ஊகிக்க வேண்டியிருக்கிறது இல்லையா. 'பல்'லில் ஒரு ஒலி, 'அம்பு'வில் இன்னொரு ஒலி, எழுத்து மட்டும் ஒன்றே. எங்கே எது வரும் என்று தமிழில் இடமே சொல்லிவிடுவதால் காது அந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமலே வளர்ந்துவிடுகிறது. 'பூனை' என்ற சொல்லின் தொடக்கத்தில் வருகிற பியையும் பந்துக்கு ஆங்கிலத்தில் வருகிற பியையும் மாற்றி எழுதும் பிள்ளை கவனக்குறைவால் எழுதவில்லை. தொண்டையில் கை வைத்து இரண்டையும் சொல்லச் சொல், ஒன்றில் தொண்டை அதிரும், மற்றதில் அதிராது. இதை ஒரு விளையாட்டாகவே தினமும் கொஞ்ச நேரம் செய்.

அப்புறம், எழுத வைப்பதற்கு முன்னால் எண்ண வை. எல்கோனின் என்ற சோவியத் உளவியலாளர் ஒரு முறை வகுத்தார், எத்தனை ஒலியோ அத்தனை கட்டம், ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு பொத்தானை உள்ளே தள்ள வேண்டும். 'ஷிப்' என்றால் எழுத்து நான்கு, கட்டம் மூன்றுதான். எஸ்ஸும் ஹெச்சும் ஒரே கட்டத்தில் நெருக்கியடித்து உட்கார வேண்டும் என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்கு வரும் குஷியைப் பார்க்க வேண்டுமே.

பிழைக்கு வருகிறேன், நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான். சிவப்பு மை போடும் முன் அந்தப் பிழையை வாய்விட்டு வாசித்துப் பார். 'ட்ரீ' என்பதற்கு சி, ஹெச், ஆர் போட்டுத் தொடங்கும் பிள்ளை எல்லா ஊரிலும் உண்டு. சார்ல்ஸ் ரீட் என்பவர் 1971-இல் இப்படிப்பட்ட பிழைகளை எடுத்து ஆராய்ந்து, பள்ளிக்கே போகாத, ஆங்கிலம் பேசும் அமெரிக்கக் குழந்தைகளும் இதையேதான் எழுதுகிறார்கள் என்று காட்டினார். டியும் ஆரும் சேரும்போது வாயில் வருவது உண்மையிலேயே 'ச்' போன்ற ஒலிதான், சொல்லிப் பார். நாம் ஸ்பெல்லிங் தெரிந்தவர்கள், அதனால் நமக்குக் கேட்பதில்லை. குழந்தைக்குக் கேட்கிறது.

என் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், வாயே திறக்க மாட்டாள், நோட்டில் மட்டும் பக்கம் பக்கமாக எழுதுவாள். 'குதித்தேன்' என்பதற்கு 'ஜம்ப்' எழுதிப் பக்கத்தில் டேபிளுக்கு வரும் டியை மட்டும் போட்டிருந்தாள். அடுத்த வரியில் 'விளையாடினேன்', அங்கே டாக்குக்கு வரும் டி. அதற்கடுத்து 'வேண்டும் என்றேன்', அங்கே ஐ-யும் டியும். மூன்றும் தப்பு என்று சுழித்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் கவனி, மூன்று இடத்திலும் அவள் காது துல்லியம்! இறந்தகால 'ஈ-டி'க்கு ஆங்கிலத்தில் உண்மையாகவே மூன்று உச்சரிப்பு, அதிராத ஒலிக்குப் பின் ஒன்று, அதிரும் ஒலிக்குப் பின் ஒன்று, டகர ஒலிகளுக்குப் பின் 'இட்' என்று ஒன்று. எந்தப் புத்தகத்திலும் படிக்காமல் அதைக் கண்டுபிடித்திருக்கிறாள். அவளுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று: இந்த இடத்தில் ஆங்கிலம் ஒலியைப் பார்ப்பதில்லை, 'முடிந்துபோன செயல்' என்ற பொருளைப் பார்த்து எழுதுகிறது. மறுநாள் வினைச்சொற்களைச் சீட்டில் எழுதிப்போட்டு, முடிவு ஒலியைக் கேட்டு மூன்று குவியலாகப் பிரிக்கச் சொன்னேன். பிரித்தார்கள். பிறகு மூன்று குவியலுக்கும் கடைசி இரண்டு எழுத்து என்ன என்று பார்க்கச் சொன்னேன். எல்லாவற்றிலும் ஈ-டி. அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதனால்தான் சொல்லாக்கத்தை, அதாவது ஒரு சொல் எந்தப் பகுதிகளால் ஆனது என்பதை, 'பெரிய வகுப்புப் பாடம்' என்று தள்ளிப்போடுவது எனக்குப் பிடிப்பதில்லை. ஒலி முடிந்த பிறகு பொருள் என்று வரிசை கட்ட முடியாது, இரண்டாம் வகுப்புச் சொற்களிலேயே இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. 'டூ' என்ற இரண்டில் டபிள்யூ எதற்கு? 'ட்வின்', 'ட்வெல்வ்', 'ட்வென்டி' என்று குடும்பத்தைக் கூப்பிட்டு நிறுத்து, அங்கெல்லாம் அது பேசும். 'சைன்' சொல்லில் ஜி ஏன் ஊமையாக இருக்கிறது? 'சிக்னல்' சொல்லும்போது வாய் திறக்கும். 'ஹெல்த்' சொல்லில் ஏ எங்கிருந்து வந்தது? 'ஹீல்' சொல்லிலிருந்து. 'மேஜிக்' தெரிந்த பிள்ளைக்கு 'மேஜிஷியன்' எழுத 'ஷ' ஒலிக்கு எந்த எழுத்து என்று தேட வேண்டியதில்லை, சி ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

இனி உன் வீணாய்ப்போன இலக்கணம். 'ஹாப்' என்பதோடு 'இங்' சேர்ந்தால் பி இரட்டிக்கிறது, 'ஹோப்' என்பதோடு சேர்ந்தால் இரட்டிப்பதில்லை, கடைசி ஈ மட்டும் விழுகிறது. 'ரன்' ரன்னிங் ஆகும்போது என் இரண்டு, 'ரெயின்' ரெயினிங் ஆகும்போது ஒன்று. ஆங்கிலப் புத்தகங்களில் இதற்கு ஒரு பக்க விதி இருக்கும், ஓரசை, ஒரு உயிர், ஒரு மெய், பின்னொட்டு உயிரில் தொடங்க வேண்டும் என்று. கலா, நீ எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறாய், 'தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்' என்று? கல்லும் ஐயும் சேர்ந்தால் கல்லை, காலும் ஐயும் சேர்ந்தால் காலை. ஏறக்குறைய அதே விதிதான்! நம்மில் இரட்டிப்பு வாயிலும் கேட்கும், அங்கே எழுத்தில் மட்டும், குறிலைக் குறிலாகவே வாசி என்று சொல்வதற்காக. 'இன்' என்ற முன்னொட்டு 'பாசிபிள்' முன்னால் வந்து 'இம்பாசிபிள்' ஆவதும் அப்படித்தான், மரமும் கள்ளும் சேர்ந்து மரங்கள் ஆகும்போது மகரம் அடுத்த எழுத்துக்கு ஏற்ப ஙகரமாக மாறுகிறதே, அந்த வேலைதான். இரண்டாம் வகுப்பில் சூத்திரம் சொல்லாதே, பயந்துவிடுவார்கள். ஆனால் கல்லை, காலை என்று சொல்லவைத்துவிட்டு ஹாப்பிங்குக்குப் போனால் அவர்களாகவே பிடித்துக்கொள்கிறார்கள், செய்து பார்த்துத்தான் சொல்கிறேன். முன்னொட்டுகளில் அன், ரீ, இன், டிஸ் என்ற நான்கை மட்டும் எடு, பள்ளிப் பாடங்களில் வரும் முன்னொட்டுச் சொற்களில் பாதிக்கு மேல் இந்த நான்கில் அடங்கிவிடும்.

எதிலும் அடங்காத சொற்களும் உண்டு, மறுக்கவில்லை. 'த்ரூ', 'தோ', 'டஃப்', 'காஃப்' நான்குக்கும் ஓ-யு-ஜி-ஹெச் என்று ஒரே வால். இதற்கெல்லாம் கதைதான் மருந்து. காக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தபோது 'நைஃப்' சொல்லின் முதல் எழுத்தான கே வாயில் ஒலித்துக்கொண்டிருந்தது. அச்சு எழுத்தை நிறுத்தி வைத்துவிட்டது, பேச்சு நிற்காமல் போய்விட்டது. 'க்னைஃப்' என்று வகுப்பே சேர்ந்து ஒருமுறை கத்தினால் அந்தக் கே அப்புறம் மறக்காது. 'டெட்' என்ற கடனில் உள்ள பி கதை வேறு, அது ஒருகாலத்திலும் ஆங்கிலத்தில் ஒலித்ததில்லை, லத்தீன் மூலச்சொல்லில் இருக்கிறதே என்று படித்தவர்கள் பிற்பாடு செருகியது. படித்தவர்கள் செய்த குறும்பு என்றால் பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். 'வென்ஸ்டே' மாதிரிச் சொற்களுக்கு எழுதும்போது மட்டும் 'வெட்-நெஸ்-டே' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளச் சொல், நானே இன்றும் அப்படித்தான் எழுதுகிறேன்.

ஃபோனிக்ஸ் ஒன்றே போதும் என்கிறார்களே என்று கேட்டிருந்தாய். இங்கிலாந்தில் 2006-இல் ரோஸ் குழு அறிக்கைக்குப் பிறகு அதை எல்லாப் பள்ளிக்கும் கொண்டுவந்தார்கள், 2012 முதல் முதலாம் ஆண்டுக் குழந்தைகளுக்கு 40 சொல் கொண்ட ஒரு வாசிப்புச் சோதனை, அதில் 20 அர்த்தமே இல்லாத சொற்கள். மனப்பாடமா, உண்மையிலேயே எழுத்துக்கூட்டுகிறார்களா என்று பார்க்க அது நல்ல உத்தி. ஆனால் அந்தச் சோதனைக்காகவே அர்த்தமில்லாத சொற்களைப் பழக்குவது அபத்தம். இதற்கெல்லாம் முன்னோடியாகக் காட்டப்படும் ஸ்காட்லாந்தின் கிளாக்மனன்ஷயர் ஆய்வின் கணக்கைப் பார். ஏழாம் ஆண்டு முடிவில் அந்தப் பிள்ளைகள் சொல் வாசிப்பில் வயதைவிட 3 ஆண்டு 6 மாதம் முன்னால், ஸ்பெல்லிங்கில் 1 ஆண்டு 8 மாதம் முன்னால், படித்ததைப் புரிந்துகொள்வதில் வெறும் மூன்றரை மாதம். ஃபோனிக்ஸ் கதவைத் திறக்கும், வேண்டியதுதான். உள்ளே போவதற்குக் கதையும் பேச்சும் சொற்களும் வேறாகச் சேர வேண்டும்.

இன்னொன்று கேட்டிருந்தாயே, 'சி எழுத்துக்குப் பின்னால் தவிர ஐ முன்னால், ஈ பின்னால்' என்ற அந்தப் பழைய பாட்டு. விட்டுவிடு. 'சயின்ஸ்', 'வியர்ட்', 'சீஸ்' (கைப்பற்று) என்று விதிவிலக்கு எக்கச்சக்கம், 2009-இல் இங்கிலாந்து அரசின் வழிகாட்டியே ஆசிரியர்களிடம் அது சொல்லித்தரத் தகுந்ததல்ல என்று சொல்லிவிட்டது.

டிக்டேஷனை நிறுத்த உன் தலைமையாசிரியை விடமாட்டார் என்றால் நிறுத்த வேண்டாம், பட்டியலை மட்டும் மாற்று. சம்பந்தமில்லாத பத்துச் சொல்லுக்குப் பதில் ஒரே குடும்பத்தில் ஆறு சொல், கடைசியில் அவர்கள் கேட்டேயிராத அதே குடும்பத்துச் சொல் ஒன்று. அந்த ஏழாவதற்கு மதிப்பெண் போடாதே, என்ன எழுதுகிறார்கள் என்று மட்டும் பார். அடுத்த கடிதத்தில் அந்த ஏழாவது சொற்களைத் திருத்தாமல் அப்படியே எழுதி அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படிக்க எனக்கு அதைவிடச் சுவாரசியமானது எதுவும் இல்லை.

அன்புடன்,
சுமதி