முதல் தடவை நீதான் தூக்கணுமா?

நாகர்கோவில்

மக்கா,

ரெண்டு மாசமா பதில் போடல, கோவிச்சுக்காத. இங்க எல்லாரும் சுகம். கன்னிப்பூ நெல் அறுப்பு முடிஞ்சுது.

பாகங்களை வாங்கி நீயே கட்டின கிட் விமானம், அந்த ஆர்வி-7, தயாராயிட்டுன்னு உன் லெட்டர்ல படிச்சு அவ்வளவு சந்தோசம். "300 மணி நேரம் விமானம் ஓட்டியாச்சு, முதல் தடவை நானே தூக்கிருவேன்"ன்னு எழுதியிருக்க பாரு, அங்கதான் எனக்கு நெஞ்சு இடிக்குது.

அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.-வோட கையேடு கிட் விமானத்துக்கு 100 மணி நேரம் தனியா ஓட்டியிருக்கணும்னு சொல்லுது, புது வடிவமைப்புன்னா 200. அதுல நீ தேறிருவ. ஆனா உன் 300-ம் மூக்குச் சக்கரம் வச்ச செஸ்னா 172-ல. கடைசி ரெண்டு வருசம் நீ ரிவெட்தான் அடிச்ச, பறக்கல. இது வால் சக்கர விமானம் லே. அந்த மாதிரி விமானத்துல சமீபத்துல 50 தடவை ஏறி இறங்கியிருக்கணும், குறைஞ்சது 10 தடவை கடைசி 30 நாளுக்குள்ள.

காரணம் இருக்கு. எடை மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால கிடக்கும். மூக்கு லேசா திரும்பினா பின்பாரம் அதை இன்னும் சுழட்டி விட்டுரும். முப்பந்தல் ரோட்டுல ஆடிக்காத்து பைக்கைத் தள்ளினபிறகு ஹேண்டிலை ஒடிச்சா என்னாகும்னு உனக்குத் தெரியும். திராட்டிலைத் தள்ளி எஞ்சினுக்கு வேகம் கொடுத்ததும் மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வால் எழும்பும்போது இன்னொரு இழுப்பு. யோசிக்காம வலது கால் ரட்டரை, அதாவது மூக்கைத் திருப்புற மிதியை, மிதிக்கணும். சிட்டாப்ரியாங்கிற வால் சக்கர விமானத்துல ஆசிரியரோட உக்காந்து அந்தப் பழக்கத்தை வரவை. பிறகு வேறொருத்தர் வச்சிருக்க ஆர்வியில ஏறிப் பழகு. தாறுமாறான நிலையிலிருந்து மீளுற பயிற்சியும் முதல் தடவை பறக்கிறதுக்கு முந்தின 45 நாளுக்குள்ள ஒரு மணி நேரமாவது வேணும்.

ராத்திரி ஹேங்கர்ல கண்ணைக் கட்டிக்கிட்டு உக்காரு. எந்த டேங்க்னு மாத்துற ஃப்யூவல் செலக்டர், பெட்ரோல்-காத்து அளவை மாத்துற மிக்ஸ்சர், மெயின் கரண்டுக்கான மாஸ்டர் சுவிட்ச், கதவுப் பிடி எல்லாத்தையும் கை தானா தேடிப் பிடிக்கணும்.

என்னோட பெரிய பயம் வேற. டேங்க் ஒழுகாம இருக்க ஒட்டின சீலன்ட் பசைத் துணுக்கு ஃபில்டரை அடைச்சு, ஏறுனதும் எஞ்சின் நின்னா? கட்டினவன் மனசு விமானத்தைக் காப்பாத்த ரன்வேக்குத் திரும்பச் சொல்லும். 45 டிகிரி சாய்ச்சாலே ஸ்டால் வேகம், அதாவது அதுக்குக் கீழ போனா றெக்கை தூக்காத வேகம், 19 சதவீதம் கூடும், அந்த உயரத்துல மீள இடமில்ல. மூக்கைத் தாழ்த்தி நேரா முன்னால இறக்கணும், றெக்கை போனாலும் சரி. உன்னால அந்த றெக்கையை விட முடியுமா? ஆறு வருசம் உழைச்சு செஞ்சதாச்சே! இதே மாதிரி விமானத்துல பழகினவர் ஒருத்தர் முதல்ல ஓட்டட்டும். அதுல ஒரு குறைச்சலும் இல்ல மக்கா.

லாக் புக்கோட கடைசி ரெண்டு பக்கத்தையும் எடை, பேலன்ஸ் தாளையும் போட்டோ எடுத்து அனுப்பு. அதைப் பாக்காம எனக்கு உறக்கம் வராது.