மில்ட்ரி தாத்தாக்களை டெல்லிக்கு அனுப்பி வைத்தவர்களுக்கு

அன்புள்ள ஊர்மக்களுக்கும் வெளியூரில் இருக்கும் நம் உறவுகளுக்கும் வணக்கம்.

நம் ஊர் முன்னாள் ராணுவத்தினர் டெல்லி போய், தேசியப் போர் நினைவுச் சின்னத்தைப் பார்த்துவிட்டு நல்லபடியாகத் திரும்பிவிட்டார்கள். "நீயே எழுதும்மா, எங்களுக்கு லீவு லெட்டர்தான் எழுத வரும்" என்று அப்பா சொல்லிவிட்டதால், அவர்கள் எல்லோர் சார்பிலும் நான் எழுதுகிறேன்.

முதல் நன்றி, யோசனை சொன்ன, அமெரிக்காவில் இருக்கும் தம்பிக்கு. அங்கே ஒஹாயோ மாநிலத்தில் 2005இல் ஏர்ல் மோர்ஸ் என்பவர், இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்ட 12 முதியவர்களை 6 சிறு விமானங்களில் ஏற்றி, வாஷிங்டன் நினைவிடத்தைக் காட்டி வந்தார். செலவு அவர்களுடையது இல்லை. நினைவிடம் 2004இலேயே திறந்தாகிவிட்டது. ஆனால் பார்க்க வேண்டியவர்கள் தனியாகப் போக முடியாத வயதுக்கு வந்திருந்தார்கள். அப்படித் தொடங்கியதுதான் ஹானர் ஃப்ளைட். நம் ஊர்க் கதையும் ஏறக்குறைய அதேதான். டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறந்தார்கள். 1971 போருக்குப் போன நம் ஆட்கள் டிவியில் பார்த்ததோடு சரி.

நமக்கு விமானம் கட்டுப்படியாகாது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் என்று முடிவானது. மூத்த குடிமக்களுக்கான ரயில் சலுகையை 2020இல் நிறுத்திவிட்டதால் எல்லோருக்கும் முழு டிக்கெட். பஸ் ஸ்டாண்ட் கடைக்காரர்கள், பால் சொசைட்டியில் ஊற்றுகிறவர்கள், துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள், வாணவேடிக்கைச் செலவைக் குறைத்துக்கொண்ட திருவிழாக் கமிட்டி என்று பலர் கை சேர்ந்தது. பெரிய தொகை ஒன்று ஃபிளெக்ஸ் வைக்கும் நிபந்தனையோடு வந்தது. பெரியவர்களே வேண்டாம் என்றுவிட்டார்கள். எனக்கு அதில் முழு சம்மதம்.

பெரியவர் ஒருவருக்குத் துணை ஒருவர் என்று கூட வந்த இளைஞர்களுக்கும், இன்சுலினை ஐஸ் டப்பாவில் வைத்து இரண்டு இரவும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் அக்காவுக்கும், கேட்காமலேயே கீழ் பெர்த்தை விட்டுக்கொடுத்த பயணிகளுக்கும் நன்றி. டெல்லியில் சக்கர நாற்காலிகளோடு ஸ்டேஷனுக்கே வந்துவிட்ட மயூர் விஹார் தமிழ்க் குடும்பங்களுக்குத் தனி நன்றி. அந்தக் குளிரில் சுடச்சுட ரசம் கொடுத்தீர்களே, அதைத்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நினைவுச் சின்னத்தை வடிவமைத்தவர் சென்னையைச் சேர்ந்த யோகேஷ் சந்திரஹாசன் என்று தெரிந்ததும் நம் ஆட்களுக்கு ஒரே பெருமை. உள்ளே போகும்போதும் பதவி வரிசைதான். சுபேதார் முன்னால், நாயக் பின்னால். ஆனால் தியாகச் சக்கரத்துக்கு வந்ததும் எல்லோரும் ஒதுங்கி, அத்தையை முன்னால் விட்டார்கள். சுற்றிச் சுற்றிப் போகும் அந்தச் சுவர்களில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள், ஒவ்வொன்றும் தனிக் கருங்கல்லில். மாமா 1971 போரில் பாகிஸ்தான் எல்லையில் ஷகர்கட் பக்கம் போனவர், வரவில்லை. அப்பாவும் அவரும் ஒரே டென்ட். அங்கிருந்த கணினித் திரையில் தேடி, பெயர் எந்தச் சுவரில் என்று பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். அத்தை அழவில்லை. "இனிஷியல் சரியா இருக்கா பாரு" என்று அப்பாவிடம் கேட்டார். சரியாக இருந்தது. அதன் பிறகு வெகுநேரம் அங்கிருந்து நகரவில்லை. அவர் பட்டாளத்துக்காரர் இல்லையே, எதற்கு டிக்கெட் என்று யாரும் கேட்காததற்காக உங்கள் எல்லோருக்கும் கும்பிடு.

போர் வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகளும் அங்கே உண்டு. அதில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் முன்னால் எங்கள் சித்தப்பா நின்றுவிட்டார். சித்தப்பாவும் அமைதிப்படையில் இலங்கைக்குப் போனவர். மேஜர் அங்கேதான் 1987 நவம்பரில் இறந்தார். சித்தப்பா அந்த நாட்களைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. அன்றும் பேசவில்லை.

அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் டீச்சரும். திரும்பும்போது தபால் கொடுப்பது ஹானர் ஃப்ளைட்டில் உள்ள வழக்கமாம். நீங்கள் எழுதிய கடிதங்களை, ராணுவத் தபால் முகவரியான கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. என்று மேலே போட்டு, நாக்பூர் தாண்டியதும் நாயக் மாமா பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார். அந்தக் காலத்தில் மாசக்கணக்கில் தபாலுக்குக் காத்திருந்தவர்கள், கண்ணாடியைத் தேடி எடுத்து ரெண்டு ரெண்டு தடவை படித்தார்கள். "சண்டை நடக்கும்போது மத்தியானச் சாப்பாடு யார் போட்டாங்க தாத்தா?" என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்டிருந்தது. பூரியா, ஷக்கர்பாரா என்கிற இனிப்புப் பலகாரமா என்று கம்பார்ட்மென்ட் முழுக்க விவாதம். பதில் கடிதம் வரும் கண்ணு, கொஞ்சம் பொறு.

உடம்பு சரியில்லாமல் வர முடியாமல் போனவர்களுக்காகவும் 1962 சீனப் போரைப் பார்த்த பெரியவருக்காகவும் மீதிப் பணத்தை அப்படியே வைத்திருக்கிறோம். வரவு செலவு நோட்டு பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

அன்புடன்,
ஹவில்தார் வீட்டுப் பெண்