பூனைக்கும் மாதத்தில் ஒரு நாள் கொடுங்கள்

பாலக்காட்டுச் சித்தூரின் எல்லையோரத்தில் உள்ள எங்கள் கால்நடை மருத்துவமனையின் பொறுப்பாளர்களுக்கும் ஊராட்சித் தலைவருக்கும் வணக்கம்.

எங்கள் தெருக்காரர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த மனு இன்னும் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் பூனைகளுக்குக் கருத்தடை அறுவை செய்யுங்கள் என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. பதில் வருவதற்குள் ஒரு பூனை செத்துவிட்டது. அதனால்தான் இப்போது ஊரறிய எழுதுகிறேன்.

தெருக்கோடி ஆத்தாவின் பூனை அது. முதல் ஈற்றில் இரண்டு குட்டிகள், அடுத்ததில் ஐந்து. சினைக்காலம் ஒன்பது வாரம்தான். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். குளிர்நாட்டில் பகல் குறுகும் மாதங்களிலாவது பெட்டைக்கு ஓய்வு உண்டு. நம் ஊரில் அதுவும் இல்லை. இதெல்லாம் நான் சொல்லியா உங்களுக்குத் தெரியவேண்டும்?

ஆத்தா பூனையைக் கட்டைப்பையில் வைத்து உங்களிடம்தான் முதலில் கொண்டுவந்தார். இங்கே மாடும் ஆடும்தான், மண்ணுத்திக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள் என்று அனுப்பிவிட்டீர்கள். தோட்டக் கூலிக்குப் போகிறவர் வேலையை விட்டுவிட்டு, அறுவைக்காகப் பட்டினி போட்ட பூனையுடன் பஸ் மாறி மாறித் திருச்சூர் வரை போய், அறுத்த வயிற்றோடு அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமாம். அவர் போகவில்லை. கடையில் யாரோ கொடுத்த கருத்தடை மாத்திரையை வாங்கிச் சோற்றில் பிசைந்து வைத்தார்.

சில மாதங்களில் பூனைக்கு வயிறு பெருத்தது. மாத்திரை பலிக்கவில்லை, மறுபடி சினை என்றே ஆத்தா நினைத்தார். அட்டைப்பெட்டியில் பழைய சேலையை மடித்துப் போட்டு ஈற்றுக்கு இடம் செய்தார். கூடுதலாக மீன் வாங்கினார். பூனையோ மீனைத் தொடாமல் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தது. எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மருத்துவரிடம் காட்டியபோதுதான் தெரிந்தது, வயிற்றில் இருந்தது குட்டியல்ல, கருப்பை நிறையச் சீழ். அந்த ஹார்மோன் மாத்திரைகள் கருப்பையில் சீழ் கட்டவும் மடியில் கட்டி வரவும் வழி செய்பவை என்றார் அவர். அறுவைக்கு அது தாங்கவில்லை.

கருப்பையையும் சூலகங்களையும் முன்பே எடுத்திருந்தால் சீழ் கட்ட அங்கே இடமே இருந்திருக்காது. முதல் பருவத்துக்கு முன் செய்தால் மடியில் புற்று வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும். உங்களிடம் கத்தி இருக்கிறது, மேசை இருக்கிறது, படித்த மருத்துவர் இருக்கிறார். ஒரு நாள்தான் இல்லை.

மாட்டுக்குச் சினை ஊசி வீடு தேடி வருகிறது. மீனாட்சிபுரத்தில் எல்லை தாண்டிவரும் பாலைக்கூட நிறுத்திச் சோதிக்கிறார்கள். நல்லது, வேண்டியதுதான். பூனை பாலைக் குடிக்குமே தவிரக் கறக்காது. அது அதன் குற்றமா? குட்டிகளைச் சாக்கில் கட்டி வாய்க்காலோரம் எறிந்துவிட்டுப் போகிறார்களே, அதற்கு மட்டும் ஊராட்சியின் அறிவிப்புப் பலகை வந்துவிட்டது. அதுவும் மலையாளத்தில். எறிகிறவர்களில் பாதிப்பேருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் எங்களுக்கு உரிமை தந்திருக்கிறது என்பதை, கோபித்துக்கொள்ளாமல், நினைவில் வையுங்கள்.

பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பழைய மனுவில் கேட்டதைத்தான். மாதத்தில் ஒரு நாள், பூனைக்கு. மயக்க மருந்துக்கும் தையல் நூலுக்கும் ஆகும் செலவை எங்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள். முடியாதவர்களுக்குத் தெருவில் திரட்டிக் கொடுக்கிறோம். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் கூலிக்குப் போகிறவர்களும் வர முடியும். எந்த ஞாயிறு என்பதைத் தயவுசெய்து தமிழில் எழுதி மருத்துவமனை வாசலில் ஒட்டிவையுங்கள்.

இப்படிக்கு,
மனுவில் முதல் கையெழுத்திட்டவன்