கேள்வி முதலில் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரி மாணவர்களைப் பாடத்தில் ஈர்ப்பது எப்படி என்று யார் எழுதினாலும் வீடியோ போடுங்கள், க்விஸ் ஆப் பயன்படுத்துங்கள், கதை சொல்லுங்கள் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். பல வருடங்களாக இயற்பியல் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அதெல்லாம் நல்லதுதான், ஆனால் மாணவர்கள் அப்போதும் பார்வையாளர்களாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். விடையைச் சொல்வதற்கு முன்னால் கேள்வியை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியை எந்த மாணவரும் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார். அதே மாணவரிடம், லாரியும் சின்னக் காரும் மோதினால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும் என்று கேளுங்கள். என் வகுப்பில் பெரும்பாலும் லாரிக்குத்தான் கை உயரும். இரண்டு விசையும் சமம், காரின் நிறை குறைவு என்பதால்தான் அது அதிகமாகத் தூக்கி எறியப்படுகிறது. இதை நான் உடனே சொல்வதில்லை. முதலில் ஒவ்வொருவரும் யாரிடமும் பேசாமல் ஒரு விடையை எழுதவேண்டும், அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் தன் விடைக்குக் காரணம் சொல்லி வாதாட வேண்டும், பிறகு மறுபடி கை தூக்கவேண்டும். அந்த மூன்று நிமிடச் சத்தத்தில் நடக்கிற படிப்பு என் ஒரு மணி நேரப் பேச்சில் நடந்ததில்லை. இப்போதுதான் ஒரு விஷயம் பிடிபட்டவர், அது ஏன் புரியாமல் இருந்தது என்பதை என்னைவிட நன்றாக அறிவார்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991இல் தொடங்கிய முறை. இப்படிப்பட்ட எளிய கேள்விகளை அவர் தேர்வில் வைத்தபோது ஒரு மாணவி, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம். மருத்துவத்தில் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969லேயே நோயாளியின் பிரச்சினையில் இருந்து பாடத்தைத் தொடங்கிவிட்டது. அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான கட்டுரை ஒன்று, வெறும் விரிவுரை கேட்டவர்களில் சுமார் 34 சதவீதமும் மாணவர்களை ஈடுபடுத்திய வகுப்புகளில் சுமார் 22 சதவீதமும் தோற்றதாகச் சொல்கிறது. ஒரு வகுப்பில் எத்தனை பேர் தப்பிக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சரி, மாணவர்கள் இதை விரும்புகிறார்களா? ஆரம்பத்தில் இல்லை. 'சார் பாடமே நடத்துவதில்லை' என்று எனக்கும் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள், அது வலித்தது. 2019இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வு ஒன்றிலும், இப்படிப் படித்தவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள், ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். மூளைக்குச் சிரமம் கொடுக்கிற படிப்பு அப்படித்தான் தோன்றும். அதனால் இப்போதெல்லாம் முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், முணுமுணுப்பு நிறையவே குறைந்திருக்கிறது.

ஆனால் ஆசிரியர் மட்டும் மாறி என்ன பயன்? வகுப்பில் யோசிக்கச் சொல்லிவிட்டுத் தேர்வில் வரையறையை எழுதச் சொன்னால், மாணவர் வரையறையைத்தானே படிப்பார், அவரைக் குறை சொல்லவே முடியாது. பாடத்திட்டக் குழுக்களில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இரண்டுதான்: பாடப்பகுதிகளில் கொஞ்சத்தைக் குறையுங்கள், வினாத்தாளில் பாதியையாவது காரணம் கேட்கும் கேள்விகளாக மாற்றுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி ஆசிரியர்