மாங்குளத்தில் ஜன்னல் சாத்திய தங்கச்சிக்கு

தங்கச்சி, உங்கட பெயரைக் கேக்காமலே இறங்கிட்டம். போன வருசம், சோளகம் அடிச்ச நேரம், கிளிநொச்சியில இருந்து வவுனியா போற பஸ். மாங்குளம் தாண்டேக்க காத்துப் பட்டு அம்மா வலக் கன்னத்தைப் பொத்திக்கொண்டு குனிஞ்சிட்டா. நீங்கள் எழும்பி ஜன்னலைச் சாத்திப்போட்டு, "அம்மா, கரண்ட் அடிச்ச மாதிரியோ? பல்லுத் தீட்டேக்கையும் வாறதோ?" எண்டு கேட்டீங்கள்.

அதுக்கு முதலே ரெண்டு கடைவாய்ப் பல்லுப் பிடுங்கியாச்சு. நோ போகேல்ல. (ரெண்டும் நல்ல பல்லு. அம்மா இப்பவும் ஏசுவா.)

டிக்கெட்டுக்குப் பின்னால "ஐந்தாம் மூளை நரம்பு, நியூரோ கிளினிக்" எண்டு எழுதித் தந்தீங்கள். (முகத்து உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோற நரம்பாம்.) அதோட போனம். முதல்ல கார்பமசெப்பின் குளிசைக்கு நோ அடங்கிச்சுது. அளவு கூடக் கூட தலைச்சுத்து, தள்ளாட்டம். எம்ஆர்ஐயில பாத்தால், நரம்பு மூளைத்தண்டால வெளிக்கிடுற இடத்தில ஒரு நாடி (இரத்தக்குழாய்) அழுத்திக்கொண்டு கிடக்குது. ஒவ்வொரு துடிப்புக்கும் இடிச்சு இடிச்சு நரம்பின்ர உறையைத் தேய்ச்சுப்போடுமாம்.

கொழும்பில காதுக்குப் பின்னால மண்டையோட்டைச் சின்னனாத் திறந்து, நாடியை விலத்தி, இடையில டெஃப்லோன் பஞ்சு வைச்சவை. நரம்பை வெட்டேல்ல. மயக்கம் தெளிஞ்ச அண்டே அந்த மின்னல் இல்லை. சிலருக்குத் திரும்பியும் வரலாம் எண்டு டொக்டர் சொன்னவர்தான்.

நேற்று அம்மா ஒடியல் கூழுக்குள்ள கிடந்த நண்டுக்காலை வலப் பக்கத்தாலயே கடிச்சா. உங்கட டிக்கெட் என்ர பேர்சுக்குள்ள கிடக்குது. நன்றி தங்கச்சி.