புதையல் காக்கும் பூதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் என் மாமனாரைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, 'வாரிசுகள் அவருடைய எழுத்தைப் புதையல் காக்கும் பூதம்போல் வைத்திருக்கிறார்கள்' என்ற வரி வரும்வரை.

அந்தப் புதையல் எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் இருக்கிறது. மாதம் ஒருமுறை திறந்து, நோட்டுகளைப் பக்கம் பக்கமாகத் தட்டி, ராமபாணப் பூச்சி அரித்தது போக எழுத்து மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, வசம்பு மாற்றி வைப்பவள் நான். நீல இங்க்கில் எழுதி, பென்சிலால் அடித்து, ஓரத்தில் பால் கணக்கும் போட்டிருப்பார். ஆய்வு செய்கிறேன் என்று வந்த ஒருவர் 'ஒரே வாரம்தாம்மா' என்று மூன்று நோட்டுகளை வாங்கிப்போனார். பதினோரு வருஷம் ஆகிறது. அவருக்கு முனைவர் பட்டம் வந்துவிட்டது. நோட்டு வரவில்லை.

பதிப்பாளர் கதை தனி. 1998இல் என் கணவர் ஒரு பக்கக் கடிதத்தில் இரண்டு நாவல்களுக்கு அனுமதி கொடுத்தார். எத்தனை வருஷத்துக்கு என்று எழுதவில்லை. எழுதாவிட்டால் ஐந்து வருஷம்தான் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. தாங்கள் அறியாததல்ல. பதிப்பாளர் இன்னும் அச்சிட்டுக்கொண்டிருக்கிறார். ராயல்டி கணக்குக் கேட்டால், 'சாரோட புத்தகத்தை இப்போ யாரும்மா வாங்குறா?' என்கிறார். யாரும் வாங்காத புத்தகத்துக்கு ஏழாம் பதிப்பு எதற்கோ!

பாரதியை 1949இல் செய்ததுபோல நாட்டுடைமை ஆக்கிவிடலாம் என்று கட்டுரையாளர் வழி சொல்கிறார். ஆக்கட்டும். அரசு தரும் பரிவுத்தொகையை வாங்கிக்கொண்டு நானும் நிம்மதியாகத் தூங்குவேன். அப்புறம் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், சரி. மெய்ப்பு யார் பார்ப்பது? இப்போதே ஒரு தொகுப்பில் அவர் கதையின் கடைசிப் பத்தியைக் காணோம். கேட்டால், பக்கம் போதவில்லையாம்.

ஒரு வேண்டுகோள். இரண்டு வருஷத்துக்கு முன் உங்கள் சிறப்பிதழுக்காக என்னிடம் வாங்கிய புகைப்படம், ஈஸிசேரில் வெற்றிலைப் பெட்டியோடு அவர் உட்கார்ந்திருப்பது, இன்னும் திரும்பவில்லை. சென்ற இதழிலும் அதையே போட்டிருக்கிறீர்கள், 'நன்றி: இணையம்' என்று. அதற்கு நெகடிவ் கிடையாது. பதிவுத் தபாலில் அனுப்பிவைத்தால் போதும். தபால் செலவை நானே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
மேற்படி பூதம்