பழைய வேனில் இன்ஜின் மாற்றுவதற்கு முன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. வேன் காலையில் வெள்ளைப் புகை கக்குகிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை, ஆயிலும் குடிக்கிறது, அதனால் இன்ஜினையே மாற்றிவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். மாற்றலாம். ஆனால் பழையது எதனால் போனது என்று கண்டுபிடிக்காமல் மாற்றாதே. இன்ஜினைத் தின்ற கோளாறு பல சமயம் அதற்கு வெளியேதான் இருக்கும். அடைத்துக்கொண்ட ரேடியேட்டர், ஏர் கிளீனருக்கும் டர்போவுக்கும் (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) நடுவே கிழிந்து தூசியை உள்ளே விடும் ஹோஸ், சொட்டு விடும் இன்ஜெக்டர் இவையெல்லாம் வண்டியிலேயே தங்கிவிடும். புதிதாக வருவதையும் அவை அதே பாதையில் கொண்டுபோகும்.

போனது இன்ஜின்தானா என்பதை முதலில் உறுதி செய்துகொள். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதன் வாயிலேயே தலைகீழாக வைத்துப் பார். மூடி துள்ளி விழும் அளவுக்குப் பேக் கம்ப்ரஷன் (சிலிண்டரிலிருந்து கீழே கசிந்து வரும் வாயு) அடித்தால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் லைனர் மீது சந்தேகப்படலாம். டர்போ சீல் தேய்ந்தாலும் இதே அடையாளம் வரும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதே. இன்ஜின் சூடாக இருக்கும்போது ஹீட்டர் ப்ளக் (சிலிண்டரைச் சூடேற்றும் ப்ளக்) எல்லாவற்றையும் கழற்றி, டீசல் வரத்தை நிறுத்தி, நல்ல சார்ஜ் உள்ள பேட்டரியோடு கம்ப்ரஷன் எடு, அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் கேஜ் வைத்து அள. பெட்ரோல் இன்ஜினுக்கான கேஜ் இதற்கு உதவாது. ஆரோக்கியமான டீசல் இன்ஜின் பெரும்பாலும் 25 முதல் 35 பார் காட்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் 5 பாருக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. உன் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவே கடைசி வார்த்தை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் மட்டும் குறைந்திருந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கட்டைப் பார். கம்ப்ரஷன் சரியாக இருந்தும் காலையில் வெள்ளைப் புகை வருகிறதென்றால் ஹீட்டர் ப்ளக், இன்ஜெக்டர், பம்ப் டைமிங் என்று போக வேண்டும். இன்ஜினில் கை வைக்கவே தேவையில்லை.

சிலர் சிலிண்டரில் ஆயில் விட்டு இரண்டாம் முறை அளக்கச் சொல்வார்கள். டீசலில் அதை நம்பாதே. எரியும் அறை மிகச் சிறியது. ஊற்றிய ஆயிலே இடத்தை அடைத்து அளவைக் கூட்டிக் காட்டும். அதிகமாகிவிட்டால் பிஸ்டன் மேலேறும்போது கனெக்டிங் ராடே வளையும்.

வாங்கப்போகும் இன்ஜினின் பிளாக்கில் அடித்திருக்கும் கோடு (குறியீட்டு எண்), உன்னுடையதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரே மாடலில்கூட சம்ப் (அடியில் ஆயில் தங்கும் தொட்டி) வடிவம், மவுண்டிங் துளை, பம்ப் வகை மாறியிருக்கும். காமன் ரெயில் இன்ஜின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) என்றால் இன்ஜெக்டர் மேலே உள்ள எண்களைக் குறித்து வை. பல வண்டிகளில் அவற்றை ஈசியூவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஏற்ற வேண்டும். ஓடிய இன்ஜின் என்றால் சம்ப்பைக் கழற்றி ஒரு பிக் எண்ட் கேப்பை (கனெக்டிங் ராடைக் கிராங்கோடு பிடிக்கும் மூடி) திறந்து பார்க்க விடுவார்களா என்று கேள். பேரிங் ஒரே மாதிரி மங்கிய சாம்பல் நிறமாக இருந்தால் சரி. செம்பு தெரிந்தால் வேண்டாம். பார்க்கவே விடவில்லை என்றாலும் வேண்டாம் என்பதே என் கருத்து.

இனி முக்கியமான விஷயம். பழைய இன்ஜின் பேரிங் பிடித்துப் போயிருந்தால் ஆயில் கூலரில் உலோகத் தூள் நிற்கும். அதை எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. புதியது போடு. டர்போவுக்கு ஆயில் போகும் சிறு குழாயில் கரி படிந்திருக்கும்; அதையும் மாற்று. டர்போ ஆயிலை விட்டிருந்தால் டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் அடியில் ஆயில் தேங்கியிருக்கும். அதைக் கழற்றிக் கவிழ்த்து, கழுவி, காயவைத்துத்தான் மாட்ட வேண்டும். அப்படியே விட்டால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அந்த ஆயிலை இன்ஜின் உறிஞ்சி அதையே எரித்து ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அதனால் முதல் ஸ்டார்ட்டின்போது காற்று போகும் வாயை மூட ஒரு தடித்த பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொள். கையால் மூடப்போகாதே.

இறக்கும் வேலை உனக்குத் தெரிந்ததுதான். பேட்டரி நெகட்டிவ் முதலில். ஏசி இருந்தால் கேஸை மெஷின் வைத்து எடுக்கச் சொல். டீசல் குழாய் வாய்களை அடைத்து வை. ஒவ்வொரு கனெக்டரிலும் துண்டுச்சீட்டு ஒட்டு. நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின் 200 கிலோவுக்கு மேல் வரும். செயின் பிளாக்கில் தொங்கும்போது யாரும் அடியில் நுழையக்கூடாது.

வெளியே இருக்கும்போதே கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், பின்பக்க கிராங்க் ஆயில் சீல், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், டைமிங் பெல்ட்டும் டென்ஷனரும், தண்ணீர் ஹோஸ்கள் எல்லாம் புதிதாகப் போடு. பின் சீல் ஒழுகினால் அந்தச் சின்ன வளையத்துக்காகக் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டிவரும். இன்ஜெக்டரைக் கழற்றினால் அடியிலுள்ள செம்பு வாஷரைத் திரும்பப் பயன்படுத்தாதே. கம்ப்ரஷன் கசிந்து, சுற்றிலும் கரி இறுகி, பிறகு இன்ஜெக்டரே கழலாது.

கியர்பாக்ஸைச் சேர்க்கும்போது அவசரப்படாதே. இன்புட் ஷாஃப்ட் பிளேட்டின் பற்களுக்குள் நுழைந்து, ஹவுசிங்கும் பிளாக்கும் கையால் தள்ளியே ஒட்ட வேண்டும். ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் நின்றால் போல்ட் போட்டு இழுக்காதே. ஹவுசிங்கின் காது உடையும், பிளேட்டின் நடுப்பகுதி வளையும். ஒரு கியரில் போட்டு பின் ஃபிளாஞ்சைச் சற்றே திருப்பினால் பற்கள் பொருந்தி ‘டொக்’கென்று உள்ளே போகும். கியர்பாக்ஸின் பாரம் பிளேட்டில் தொங்காதபடி அடியில் ஜாக்கி கொடு. கியர்பாக்ஸை மையத்தில் நிறுத்தும் இரண்டு டவல் பின்களும் (சிறு இரும்பு முளைகள்) பிளாக்கில் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார். அந்த முளைகள் இல்லாவிட்டால் மையம் விலகி, கிளட்ச் விடும்போது வண்டி அதிரும்.

இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் இடையிலான எர்த் பட்டையை மாட்டாமல் செல்ஃப் அடித்தால், கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போய் அதைச் சுட்டுவிடும்.

ஸ்டார்ட் செய்யும் முன் டர்போவின் ஆயில் வாயில் கொஞ்சம் ஆயில் விடு. டீசலைத் துண்டித்துவிட்டு, பத்துப் பதினைந்து வினாடி செல்ஃப், ஒரு நிமிடம் ஓய்வு என்று ஆயில் லைட் அணையும்வரை சுற்று. அதன் பிறகே ஏர் எடு, அதாவது டீசல் குழாயில் மாட்டிய காற்றை வெளியேற்று. ஃபில்டர் மேலுள்ள கை பம்ப்பை அழுத்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை திருகைத் திறந்து வை. பழைய பம்ப் வகையில் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி ஏர் விடலாம். காமன் ரெயிலில் அப்படிச் செய்யவே கூடாது. ஆயிரம் பாரைத் தாண்டும் அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

தண்ணீர் ஊற்றும்போது கேபின் ஹீட்டரைத் திறந்து வை. ஓடி கேஜ் ஏறியும் ஹீட்டர் குளிர்ந்த காற்றே ஊதினால் உள்ளே ஏர் இருக்கிறது. ஹெட் வளைவதற்குள் நிறுத்திவிடு.

ரிங் மாற்றிக் கட்டிய இன்ஜினாக இருந்தால் நீண்ட நேரம் ஐடிலிங்கில் விடாதே. ரிங் உட்காராமல் லைனர் கண்ணாடிபோல் பளபளத்துவிடும். மிதமான பாரத்தில், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டு. 1000 கிலோமீட்டருக்குள் முதல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்று. வடித்த ஆயிலில் காந்தம் விட்டுப் பார். மெல்லிய பசைபோல் ஒட்டினால் கவலையில்லை, சிலும்பாக வந்தால் வண்டியை எடுக்காமல் எனக்குச் சொல்.

கம்ப்ரஷன் அளவுகளும் பிளாக் கோடும் கிடைத்ததும் எழுது. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மணி